ஒரே வகுப்பு, பல படிகள்

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால், தவறாகப் போடும் குழந்தைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். விடை தவறு. ஆனால் அந்தத் தவறுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 2-இலிருந்து 7 போகாது, எனவே 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5. அடுத்து 5-இலிருந்து 2 போனால் 3. பெரிய எண்ணிலிருந்துதான் சிறிய எண்ணைக் கழிக்க முடியும் என்று முதல் வகுப்பில் காதில் விழுந்ததை அந்தக் குழந்தை இங்கேயும் விடாமல் பின்பற்றுகிறது. பக்கத்தில் இருப்பவள் 79 என்று எழுதியிருந்தால், குறியைப் பார்க்காமல் கூட்டிவிட்டாள் என்று பொருள். மூன்றாவது குழந்தை எதையுமே எழுதவில்லை. 52 என்பது ஐந்து பத்துகளும் இரண்டு ஒன்றுகளும் சேர்ந்தது என்பதே அவனுக்கு இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். நான்காவது குழந்தை 25 என்று போட்டு முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் காலை இந்த நால்வருக்கும் வேண்டியது வெவ்வேறு. முதல் குழந்தைக்குப் பத்துக் குச்சிகளை ரப்பர் போட்டுக் கட்டிய கட்டுகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஏழு குச்சிகளை எடுக்க முடியும் என்பதைக் கையால் செய்து பார்க்க வைக்க வேண்டும். இரண்டாமவளுக்கு ஒரு நிமிட நினைவூட்டல் போதும். மூன்றாவது குழந்தைக்குக் கழித்தலே இப்போது வேண்டாம். கட்டுகளும் குச்சிகளுமாக எண்ணுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான்காவது குழந்தைக்குக் கொஞ்சம் கடினமான வாழ்க்கைக் கணக்கு வேண்டும். பாடநூலின் அடுத்த பக்கமோ நால்வருக்கும் ஒன்றுதான்.

தொடக்கப் பள்ளியில் பாடத் திட்டமிடல் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் அந்த அடுத்த பக்கத்தைப் பற்றியே பேசுகிறோம். ஆசிரியர்கள் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கும் பாடக்குறிப்பில் பாடத்தின் தலைப்பு, கற்றல் விளைவு, துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டங்கள் இருக்கும். மேலே சொன்ன நான்கு குழந்தைகளுக்கு அதில் கட்டம் கிடையாது. தனியார் பள்ளிகளில் இதே கதை ‘போர்ஷன்’ என்ற பெயரில் நடக்கிறது. தேர்வுக்கு முன் போர்ஷன் முடிந்ததா என்பதுதான் பெற்றோர் கூட்டத்தின் முதல் கேள்வி. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்ற அடிப்படைப் பாடங்களுக்கான திட்டம் புத்தகத்திலிருந்து தொடங்கக் கூடாது, குழந்தை இன்று நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்; அந்த இடத்தைக் கண்டுபிடித்து நாளைய வேலையை முடிவு செய்யக்கூடியவர் வகுப்பில் இருக்கும் ஆசிரியர் ஒருவர்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். கேட்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம்போல இருக்கும். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னை இதைத் திரும்பத் திரும்ப நெருங்கி வந்து, ஒவ்வொரு முறையும் பாதியில் நழுவவிட்டிருக்கிறது. எங்கே நழுவியது என்பதைப் பார்ப்பது இன்றைய வகுப்பறைக்கு உதவும்.

முதலில், ஒரே வகுப்புக்குள் இவ்வளவு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்கலாம். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்திரோ கானிமியன் ஆகியோர் டெல்லியில் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, ஒரே வகுப்பில் படிப்பவர்களின் நிலைகளுக்கு இடையே ஐந்தாறு வகுப்புகளின் அகலம் இருந்தது. அதாவது ஆறாம் வகுப்பு என்ற பலகை தொங்கும் அறைக்குள், கிட்டத்தட்ட ஒரு தொடக்கப் பள்ளியே உட்கார்ந்திருந்தது. அந்த இடைவெளி ஆறாம் வகுப்பில் திடீரென்று முளைப்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஒரு சின்ன விரிசலாக ஆரம்பித்து, ஆண்டுக்கு ஆண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பத் திருப்ப அகலமாகிறது. மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் செய்து 2007-இல் வெளியான ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் அதே பகுதியில் வாழும், பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்கள். மதிப்பெண்கள் கணிசமாக உயர்ந்தன. பெரிய செலவோ அரிய கருவியோ இல்லை. குழந்தை நிற்கும் இடத்துக்கு யாரோ ஒருவர் வந்தார் என்பதே அங்கே நடந்த மாற்றம்.

தமிழ் வாசிப்பிலும் இதே வேறுபாடு, இன்னும் நுட்பமாக இருக்கிறது. ‘கொ’ என்ற எழுத்தைப் பார்க்கும் குழந்தையின் கண்ணுக்கு முதலில் வருவது கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். ஒலியோ ககரத்தில் தொடங்குகிறது. கண் இடமிருந்து வலமாகப் போக, ஒலியை நடுவிலிருந்து எடுக்க வேண்டிய இந்தச் சிக்கலைச் சில குழந்தைகள் ஒரு வாரத்தில் தாண்டிவிடுகின்றன. சில குழந்தைகள் மூன்றாம் வகுப்பு வரை கொம்பைக் கண்டாலே நின்றுவிடுகின்றன. எழுதுவதில் இன்னொரு தடை. ஊரூர் குப்பத்திலிருந்தோ மயிலாப்பூரின் ஒரு சந்திலிருந்தோ வரும் குழந்தை ‘பளம்’ என்று எழுதினால், வீட்டில் சொல்வதை நேர்மையாகக் காதால் கேட்டு எழுதியிருக்கிறது. எழுத்தே தெரியாமல் பார்த்து வரையும் குழந்தையின் பிழை வேறு, இந்தப் பிழை வேறு. தி.நகர்க் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் பெற்றோரோடு ஆந்திராவிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த குழந்தையின் நிலை மூன்றாவது வகை. அதற்கு எழுத்துக்கு முன் பேச்சுத் தமிழ் வேண்டும். சிவப்பு மையில் ஒரே மாதிரிக் குறுக்குக் கோடு போட்டுவிட்டால் மூன்றும் ஒன்றாகத் தெரியும். தமிழ்ப் பாடத்தைத் திட்டமிடுவது என்பது இந்த மூன்று பிழைகளையும் பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது.

நம் சட்டமே இதை மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. அப்படியானால் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகளை நடத்துவார் என்பது சட்டம் எழுதும்போதே தெரிந்த விஷயம். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் அறிந்து, அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அதற்கு அடுத்தது. இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. நடைமுறையில் முதல் வரியைத்தான் எல்லோரும் கணக்கெடுக்கிறார்கள், ஏனென்றால் பக்க எண்ணை எண்ணுவது எளிது.

சென்னையின் வரலாற்றுக்கு வருவோம். திண்ணைப் பள்ளியில் வகுப்பு என்ற ஒன்றே கிடையாது. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுபவனும், எண்சுவடியை மனப்பாடம் செய்பவனும், ஓலையில் எழுதும் அளவுக்கு வந்துவிட்டவனும் ஒரே திண்ணையில் இருப்பார்கள். ஒவ்வொருவனும் தன் சுவடியை முடித்த பிறகுதான் அடுத்ததற்குப் போவான். வாத்தியாரின் வேலையில் பாதியை மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை செய்வான். அந்தப் பள்ளியை நான் போற்றிப் பாட வரவில்லை. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கும் பெரும்பாலும் அதன் கதவு மூடியிருந்தது, பிரம்பு அதன் அன்றாடம், பொருள் புரியாத மனப்பாடம் அதன் முறை. ஆனால் அவரவர் படியில் அவரவர் நிற்கலாம் என்ற ஒரு விஷயம் அங்கே இயல்பாக இருந்தது. 1789-இல் எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இப்படிப்பட்ட ஒரு பள்ளியில் குழந்தைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் இல்லத்தில் அதைப் புகுத்த முயன்றபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் பரவியது. அங்கே போனதும் அதன் குணம் மாறிவிட்டது. ஒரே ஆசிரியரையும் சில சட்டாம்பிள்ளைகளையும் வைத்து நூற்றுக்கணக்கான ஏழைக் குழந்தைகளைக் குறைந்த செலவில் நடத்தும் ஏற்பாடாக அதைப் பயன்படுத்தினார்கள். மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. இந்தக் குழந்தை அடுத்த சுவடிக்குத் தயாரா என்று பார்த்த கண் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அடுத்த கட்டம் அடையாறு. 1894-இல் தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் கர்னல் ஆல்காட் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக அங்கே இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதன் வாரிசான ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. 1939-இல், அதே சொசைட்டியின் அழைப்பில், இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி தம் மகன் மரியோவுடன் அடையாறுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த சுமார் 300 பேருக்கு அங்கே பயிற்சி கொடுத்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவர் என்று மரியோவை ஆங்கில அரசு காவலில் வைத்தது. சில மாதங்களில் விடுவித்தது. சில மாதங்கள் தங்க வந்தவர்கள் 1946 வரை இந்தியாவில் இருந்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கான பாடமுறையை இருவரும் விரிவாக வளர்த்தெடுத்தது கொடைக்கானலில்தான். வெவ்வேறு வயதினர் ஒரே அறையில், ஒவ்வொருவரும் தன் கையிலுள்ள பொருளோடு, ஆசிரியர் பேசுவதைவிட அதிகமாகக் கவனித்துக் குறித்துக்கொள்பவராக: இந்த முறை 1907-இல் ரோமின் ஓர் ஏழைக் குடியிருப்பில் பிறந்தது. சென்னையிலோ அது பெரும்பாலும் அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்துக் கட்டணப் பள்ளிகளின் அடையாளமாக நிலைத்தது. அந்தப் பள்ளிகளில் நல்லவை பல உண்டு. ஆனால் மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைக்கு அந்தக் கவனம் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அது கிடைத்த கதைதான் செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், முன்பு வேலூரில் கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட சிறார்களின் பள்ளிகளில் கண்ட அனுபவத்தோடு, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இதைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப்புறப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் மாதிரி. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள், பயிற்சி பெற்றார்கள், திரும்பி வந்து சென்னைக் குழந்தைகளுக்கான அட்டைகளை அவர்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். வகுப்பறையின் தோற்றம் மாறியது. பெஞ்சுகளுக்குப் பதிலாகப் பாய் வந்தது. ஆசிரியரும் தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு கரும்பலகைப் பகுதி. மேலே கட்டிய கம்பியில் குழந்தைகள் வரைந்த, எழுதிய தாள்கள் தொங்கின. ஒவ்வொரு பாடமும் ஏணிப்படியாக வரையப்பட்டு, படிகள் சேர்ந்து மைல்கற்களாகப் பிரிக்கப்பட்டன. குழந்தை காலையில் வந்து ஏணியைப் பார்த்து, தன் படிக்கான அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அந்த அட்டை எந்தக் குழுவுக்கு உரியதோ அங்கே போய் உட்காரும். ஆசிரியரின் முழுத் துணையோடு செய்வதற்கு ஒரு குழு, ஓரளவு துணையோடு செய்வதற்கு ஒன்று, கூடப் படிப்பவர்களின் உதவியோடு செய்வதற்கு ஒன்று, தானே செய்து பார்ப்பதற்கு ஒன்று. பத்து நாள் பள்ளிக்கு வராத குழந்தை திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காய்ச்சலுக்கும் சொந்த ஊர்த் திருவிழாவுக்கும் அப்பாவின் வேலை மாற்றத்துக்கும் இடையே படிக்கும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஏழைக் குடும்பங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்குள் மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007-08இல் மாநிலம் முழுவதும் உள்ள அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் இது விரிந்தது.

விரிந்தபோது என்ன ஆயிற்று? அட்டைகள் அச்சாகிப் பெட்டிகளில் வந்தன. முதல் பள்ளிகளில் அட்டையைத் தயாரித்த ஆசிரியருக்கு, இந்தப் படி ஏன் இங்கே இருக்கிறது, எந்தக் குழந்தைக்கு இதைத் தாண்டிப் போகலாம் என்பது தெரியும். பெட்டியைப் பெற்ற ஆசிரியருக்கு அது வரிசை எண் மட்டுமே. சில நாள் பயிற்சியோடு, பார்வைக்கு வரும் அலுவலர் எதிர்பார்ப்பதெல்லாம் ஏணி சுவரில் இருக்கிறதா, பாய் விரித்திருக்கிறதா, பதிவேடு நிரம்பியிருக்கிறதா என்பதாக ஆகிவிட்டால், எந்த முறையும் சடங்காகிவிடும். வாசிக்கவே தெரியாத குழந்தையின் கையில் அட்டையைக் கொடுத்துத் தானே படி என்று சொல்வதிலுள்ள முரணும் இருந்தது. ஆசிரியர் கதை சொல்ல, வகுப்பே வாய் பிளந்து கேட்டு, கேள்வி கேட்டுச் சண்டை போடும் நேரம் சுருங்கியது. மொழி அந்த நேரத்தில்தான் வளர்கிறது. கிராமப்புற வீடுகளில் நடக்கும் ‘அசர்’ கணக்கெடுப்புகளில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் அந்த ஆண்டுகளிலும் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. 2010-இல் சமச்சீர்க் கல்வி வந்தது, முறையை எளிமைப்படுத்தினார்கள், பிறகு 2018 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. அட்டைகள் மெல்ல அலமாரிக்குப் போயின. இதைச் செயல்வழிக் கற்றலின் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழந்தைக்கு அதன் படி முக்கியம் என்பதை அது சரியாகப் பிடித்தது. அந்தப் படியைத் தீர்மானிக்கும் வேலையை ஆசிரியரின் தலையிலிருந்து எடுத்து அட்டையில் அச்சடித்தது, தவறு அங்கேதான். மதராஸ் முறைக்கு இங்கிலாந்தில் நேர்ந்ததும் இதுவே.

இப்போது நடப்பது ‘எண்ணும் எழுத்தும்’. கொரோனாவில் பள்ளிகள் நீண்ட காலம் மூடியிருந்த பிறகு, 2022 ஜூன் 13 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு. பிறகு நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும். வகுப்புக்குள்ளேயே குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்து, அந்தந்த நிலைக்குரிய பயிற்சிப் பக்கங்களை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். செயல்வழிக் கற்றலைவிட இதில் ஒரு முன்னேற்றம் உண்டு: பாடலும் கதையும் செயல்பாடும் எல்லோருக்கும் பொதுவாக நடக்கும், பிறகு பயிற்சி மட்டும் நிலைக்கேற்பப் பிரியும். இப்படிப்பட்ட மீட்பு முயற்சிகள் பயன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 2021 டிசம்பரில் பெரிய கற்றல் இழப்பைக் கண்டது. பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்புகளால் வந்தது என்று மதிப்பிட்டது. மாலையில் ஒரு தன்னார்வலர் சின்னக் கூட்டத்தை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததன் பயன் அது. ஆனால் பழைய ஆபத்து புதிய உருவில் வந்திருக்கிறது. நிலையைக் கண்டறியும் மதிப்பீடு செயலியில் ஏறியாக வேண்டும். அது ஏறும் வரை ஆசிரியரின் கவனம் கைபேசித் திரையில் இருக்கிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து எழுப்பும் குறை. அந்தக் குறையைச் சோம்பேறித்தனம் என்று தள்ளுவது அநியாயம்.

நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்று ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மயிலாப்பூரில் நான்காம் வகுப்புக்கு நீர் பற்றிய பாடம். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னும் பின்னும் நீர் எத்தனை படிகளை மூடியிருக்கிறது என்று எண்ணி வரலாம். குளத்தில் நீர் நின்றால் சுற்றுத் தெருக் கிணறுகளில் என்ன ஆகும், 2003 முதல் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பு ஏன் கட்டாயம் என்று பேசலாம். அடையாறுப் பள்ளியாக இருந்தால் 2015 டிசம்பர் வெள்ளம் பற்றி வீட்டில் கேட்டு வரச் சொல்லலாம்; கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் அதைச் சொல்ல ஆள் இல்லாத வீடு குறைவு. இந்தப் பேச்சு முழு வகுப்புக்கும் பொது. இங்கே யாரையும் நிலை பார்த்துப் பிரிக்கக் கூடாது. எழுத்துக் கூட்டத் திணறும் குழந்தைதான் பல நேரங்களில் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதை மற்றவர்களைவிட நன்றாகச் சொல்லும். அடுத்து எழுதும் வேலை. ஒருவர் படத்துக்குக் கீழே ‘குளம்’, ‘படி’, ‘நீர்’ என்று எழுதுவார், ஒருவர் நான்கு வரி எழுதுவார், ஒருவர் பெரியவரிடம் கேட்டதை ஒரு பக்கம் எழுதுவார். பேசியது ஒன்று, எழுதுவது அவரவர் படியில். ஆனால் கணக்கை இந்தக் குளத்தோடு வலுக்கட்டாயமாகக் கட்ட வேண்டியதில்லை. எல்லாப் பாடத்தையும் ஒரே கருப்பொருளில் கோக்கும் ஆர்வத்தில் படிகளை எண்ணுவதே கணக்கு என்று விட்டுவிட்டால், கடன் வாங்கிக் கழித்தல் அப்படியே நின்றுபோகும். கணக்குக்கு அதற்குரிய தனி வரிசை உண்டு. அதற்குத் தினமும் தனி நேரம் வேண்டும். எதைச் சேர்ந்து செய்வது, எதைப் பிரிந்து செய்வது, எந்தப் பாடத்தை எதோடு இணைப்பது, எதைத் தனியே விடுவது என்று முடிவு செய்வதுதான் திட்டமிடலின் உயிர். ஆசிரியர் கையேட்டில் இதற்கு யோசனை சொல்லலாம். முடிவை எழுதி வைக்க முடியாது.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமானது, இப்படிச் செய்தால் பாடம் முடியாது என்பது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று வரையறுக்கிறது; நாளுக்கு நான்கு மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கும் எண்ணுக்கும் நிலைவாரியாக ஒதுக்கினாலும், மூன்று மணி நேரம் பொதுப் பாடத்துக்கு மிச்சம். தவிரவும், வாசிக்க வராத குழந்தைகள் பாதிப் பேர் இருக்கும் வகுப்பில் பாடம் முடிந்துவிட்டது என்று எழுதுவது ஆசிரியரின் பதிவேட்டில் மட்டும் உண்மை. இன்னொரு மறுப்பு, நிலை பிரித்தால் பின்தங்கியவன் என்ற முத்திரை குத்திவிடும் என்பது. இந்த அச்சம் நியாயமானது. அரும்பு என்று அழகாகப் பெயர் வைத்தாலும் யார் எந்தக் குழு என்பது குழந்தைகளுக்கு ஒரே நாளில் தெரிந்துவிடும். கணக்கில் ஒரு குழு, தமிழில் வேறு குழு, சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்த்து மாற்றுவது, நாளின் பெரும்பகுதி எல்லோரும் சேர்ந்திருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் முத்திரை ஒட்டாது. ஆண்டு முழுவதும் ஒரே மூலையில் ஒரே குழந்தைகள் உட்கார்ந்திருந்தால், அது பழைய மாப்பிள்ளை பெஞ்சுக்குப் புதிய பெயர்.

ஆசிரியரின் தீர்ப்பை இவ்வளவு நம்பலாமா என்ற கேள்வியும் உண்டு. இதற்கு வெளிநாட்டுச் சான்றையும் காட்டுவார்கள். கென்யாவில் 2015 முதல் நாடெங்கும் பரவிய ‘டுசோமே’ வாசிப்புத் திட்டத்தில், ஒவ்வொரு நாளும் என்ன செய்ய வேண்டும் என்பது கையேட்டில் வரிவரியாக இருந்தது. குழந்தைகளின் வாசிப்பு உயர்ந்தது. இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே கையேடு தனியாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் புத்தகம் கிடைத்தது. ஆசிரியரின் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்து, பிறகு அவரோடு பேசும் பயிற்றுநர்கள் இருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு நல்ல கையேடு பெரிய துணை. பத்து ஆண்டு அனுபவமுள்ளவரிடமும் அதே கையேட்டின் அதே வரியை அதே நாளில் நடத்தச் சொன்னால், அவர் தன் குழந்தைகளைக் கவனிப்பதை நிறுத்திவிடுவார். கையேடு ஆசிரியர் முடிவெடுக்க உதவ வேண்டும். அவருக்குப் பதிலாக முடிவெடுக்கக் கூடாது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கே டியூஷன் தேடும் குடும்பங்கள் ஏராளம். பள்ளி எல்லோருக்கும் ஒரே பக்கத்தை நடத்துவதால் ஏற்படும் இடைவெளியை மாதக் கட்டணம் கொடுத்து அடைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையின் இடைவெளியை அடைக்க யாருமில்லை. வகுப்பறைக்குள்ளேயே அதைச் செய்யச் சொல்லிப் பள்ளியைக் கேட்பது பெற்றோரின் உரிமை. எத்தனை பாடம் முடிந்தது என்ற கேள்வியை, என் பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று மாற்றிக் கேட்டால் போதும்.

கடைசியாக நேரம். இதெல்லாம் சரி, இவ்வளவு யோசிக்க ஆசிரியருக்கு ஏது பொழுது என்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியரின் வாராந்திர வேலை 45 மணி நேரம் என்று இருக்கிறது. அதில் தயாரிப்பு நேரமும் சேரும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அதாவது பாடம் தயாரிப்பது ஆசிரியர் வீட்டில் இரவில் செய்யும் சொந்த வேலை அல்ல, சம்பளத்துக்குரிய வேலை. இந்த வரியை யாரும் நடைமுறைப்படுத்தக் கேட்டதாகத் தெரியவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆம் பிரிவு சொன்னாலும், படிவங்களும் பதிவேற்றங்களும் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்டதால் அனுப்பாமலே நேரம் போய்விடுகிறது. மாநகராட்சியோ தனியார் நிர்வாகமோ செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாள், குழந்தைகள் போன பிறகு ஒரு மணி நேரம், ஒரே வகுப்பை நடத்தும் ஆசிரியர்கள் அந்த வாரத்துக் கணக்கு, தமிழ் நோட்டுகளை நடுவில் வைத்து உட்காரட்டும். 35 என்று எழுதியவர்கள் யார், ஒன்றும் எழுதாதவர்கள் யார் என்று பிரிக்கட்டும். திங்கட்கிழமை முதல் ஒரு மணி நேரம் யார் யாரோடு உட்கார வேண்டும் என்பதை அப்போதே பெயர் பெயராக எழுதட்டும். பாடக்குறிப்பு என்று அதற்கே தலைமையாசிரியர் கையெழுத்துப் போடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் எந்தச் செயலியும் திறக்கக் கூடாது, எந்தப் படிவமும் கேட்கக் கூடாது என்று ஓர் உத்தரவு போதும்.